கர்ப்பப்பையைத் தூக்கிய அம்பர்

பெனெடிக்டேயின் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. வாசலில் குழந்தை வண்டிகள் நின்றன. எங்கள் ஊர் வழக்கப்படி குழந்தைகள் வெளியே குளிரில் சுகமாகத் தூங்க, தாய்மார்கள் உள்ளே ஏமாறக் காத்திருந்தார்கள். டென்மார்க்கின் மேற்குக் கரையில் எங்களுக்கெல்லாம் அம்பர் தெரியும். அலை ஒதுக்கும் பழைய மரப்பிசின் கட்டி. அதில் மகத்துவம் கண்டுபிடிக்கத்தான் பெனெடிக்டே வரவேண்டியிருந்தது.

முதலில் வித்தை. அம்பரைக் கம்பளிச் சட்டையில் பரபரவென்று தேய்த்துக் காகிதத் துணுக்குகள்மேல் பிடிப்பார். அவை துள்ளி ஒட்டிக்கொள்ளும்.

“காகிதத்தையே தூக்குது. உங்க கர்ப்பப்பையைத் தூக்காதா?”

பிளாஸ்டிக் சீப்பும் தூக்கும். ஆனால் சீப்பை அந்த விலைக்கு விற்க முடியாது.

என் அக்கா விபெக்கே ஓர் அம்பர் கல் வாங்கிவிட்டாள். அதைத் துணிப்பையில் போட்டு, படுத்தபடி அடிவயிற்றில் வைக்கவேண்டுமாம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு அடியில் ஏதோ இறங்கித் தொங்குவதுபோல் பாரம். ரொட்டிக்கடையில் நின்றே வேலை. மூத்த பையன் ‘தூக்கு’ என்று கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பல மாதம் காத்திருந்து, இடுப்புத் தசைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை நேரம் கிடைத்திருந்தது. பெனெடிக்டே அதற்கும் வேட்டு வைத்தார்.

“தசையை இறுக்கினா அம்பரோட இழுப்பு அறுந்துடும். வரலைன்னு சொல்லிடும்மா.”

“நாளைக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன்டி,” என்றாள் அக்கா. “கல்லு வெச்சா நிஜமாவே லேசாகுது. நீ பெத்தவளா, உனக்கென்ன தெரியும்?”

நியாயமான கேள்வி. நான் பெற்றவள் இல்லை. அக்கா பொய் சொல்கிறவளும் இல்லை. ஆனால் லேசாக்குவது எது? கல்லா? இடுப்புக்கடியில் வைக்கும் தலையணை, நாற்காலிமேல் தூக்கிப் போடும் கால், அரை மணிப் படுக்கை, இவையா? ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவேண்டும்.

மார்ட்டின் திருநாள் வாத்து விருந்தில் மிஞ்சிய உருளைக்கிழங்கு இருந்தது. சர்க்கரைப் பாகில் புரட்டியது, அம்பர்போலவே பளபளப்பு. கல்லின் எடைக்குச் சரியாக ஒன்றைத் தேடி, தாளில் சுற்றி, அக்காவுக்குத் தெரியாமல் அவள் துணிப்பையில் கல்லுக்குப் பதிலாகப் போட்டேன். ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுமுன் அக்கா பெனெடிக்டேயிடம் போனாள், நானும் கூடப் போனேன். பாரம் குறையாவிட்டால் அம்பரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

பெனெடிக்டே அக்காவைப் படுக்கவைத்தார். பையை நெற்றியில் ஒற்றிக் கண் மூடினார்.

“அடேயப்பா, இன்னிக்கு இழுப்பு என் கையையே தூக்குது.”

உருளைக்கிழங்கு அடக்கமாக இருந்தது.

அக்கா மலர்ந்த முகத்தோடு எழுந்தாள். “இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் ரொம்ப லேசு.”

“அக்கா, பையைத் திறயேன்,” என்றேன்.

திறந்தாள். தாளுக்குள் பளபளவென்று உருளைக்கிழங்கு. அதே பாரத்தோடு வந்திருந்த, மீன் ஆலையில் வேலை செய்யும் தூவெ கேட்டாள்: “அம்மா, எனக்கு வாத்து வறுவலும் சேர்த்து வெப்பீங்களா?”

சிரிப்பு அடங்கியதும் பெனெடிக்டே அசராமல் சொன்னார்: “பையில இருந்த சக்தியைக் கிழங்கு உறிஞ்சிக்கிச்சு.”

“அப்போ பையே இல்லாம பார்ப்போம்,” என்று தூவெ கம்பளத்தில் படுத்துக் கால்களை நாற்காலிமேல் போட்டாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. நாங்கள் காப்பி குடித்து முடித்ததும் எழுந்தாள்.

“லேசாயிடுச்சு.” கொஞ்சம் நடந்தாள். “இதோ, மறுபடி இறங்குது. காலையில படுக்கையிலயும் இப்படித்தானே இருக்கு. நான் ஏன் யோசிக்கல?”

அவ்வளவுதான் அதிசயம். கர்ப்பத்தின் கனமும் பிரசவமும் கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகளைத் தளர்த்திவிடுகின்றன. படுத்தால் அவற்றின்மேல் பாரம் இல்லை, நின்றால் உண்டு. அவற்றுக்கு வேண்டியது வைத்தியமும் பயிற்சியும். பெனெடிக்டே அதற்குள் தலையணைகளை விற்பனைக்கு அடுக்க ஆரம்பித்திருந்தார்.

வீடு வந்ததும் அக்கா கதவருகில் நின்றாள்.

“என்னை எல்லார் முன்னாடியும் கோமாளியாக்கிட்டே.”

“முன்னாடியே சொல்லியிருந்தா அது சோதனையாகாதுக்கா.”

“வியாழக்கிழமை நீதான் பிள்ளைங்களைப் பார்த்துக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

படுக்கவைத்து லேசாக்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கனம் குறைந்தது அடிவயிற்றிலா, தலைக்குள்ளா என்று எழுந்து நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.