மாப்பிள்ளையின் மணிக்கட்டு

அரைகுறையாக ஒன்றைக் கற்றுக்கொண்டவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. இருபது வயதில் எனக்குக் கையும் சும்மா இருக்கவில்லை.

அப்போது கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், வெள்ளைக்கார நர்ஸம்மாவிடம் வேலை பழகிக்கொண்டிருந்தேன். (பழகியது கொஞ்ச நாள்தான். பேச்சு மட்டும் பெரிய டாக்டர் பேச்சு.) நான் ஒல்லி. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களெல்லாம் 'நெஞ்சில் சீக்கு இருக்குமோ' என்று நழுவிவிட்டார்கள். சந்தையில் மாட்டையாவது காசு கொடுத்து வாங்குவார்கள். எங்களைக் கொண்டுபோவதற்கு நாங்களே காசும் கொடுக்க வேண்டும்.

கடைசியாக வந்தவர் தாண்டிக்குடி காபி எஸ்டேட்டில் கிளார்க். இதுவும் தட்டிப்போனால், ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த, அப்பா வயதுக்காரருக்கு என்னை இரண்டாம் தாரமாகக் கொடுப்பதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. கிளார்க்கை ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது.

கூடவே அவருடைய அத்தையும் வந்திருந்தார். பழனிக்காரர். நல்ல கனம்.

"ஏத்தா, என்ன இது எலும்பும் தோலுமா இருக்கு? சீக்கு கீக்கு கெடக்கா?" என்று அம்மாவிடம் என் காது கேட்கவே கேட்டார்.

தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கலாம். நின்றேனா?

"சீக்கெல்லாம் இல்லீங்க. எனக்கு எலும்பே சின்னது" என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். கட்டைவிரலாலும் நடுவிரலாலும் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் சின்ன எலும்பு, தொட்டுக்கொண்டால் நடுத்தரம், எட்டாவிட்டால் பெரிய எலும்பு. சின்ன எலும்புக்காரர்கள் ஒல்லியாக இருப்பதில் குற்றமில்லை. என் கையைப் பிடித்துக் காட்டினேன். விரல்கள் ஏறின.

அத்தை தன் கையையும் நீட்டினார். பிடித்தேன். என் விரல்கள் எட்டவே இல்லை.

"உங்களுக்குப் பெரிய எலும்புங்க. இந்த உடம்பு உங்களுக்கு அளவானதுதான்."

"அதான பாத்தேன்! சதை சதைன்னு சொல்லுறாளுக, சண்டாளிக" என்று அத்தை மகிழ்ச்சியாக இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வெற்றி தலைக்கேறிவிட்டது. ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம் நேராகப் போய், அவர் மணிக்கட்டையும் லபக்கென்று பிடித்தேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளைதான் பேசினார். "ஏங்க, அவங்கவங்க விரலாலதான அவங்கவங்க கைய அளக்கணும்? ஒங்க விரல் குட்டையால்ல இருக்கு."

நர்ஸம்மா சொன்னதில் சரியாக அந்த ஒரு வரியைத்தான் நான் விட்டிருந்தேன். அத்தை சந்தேகத்தோடு தன் கையைத் தானே பிடித்துப் பார்த்தார். அவருக்கு நீளமான விரல்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சொகுசாகப் படுத்துக்கொண்டன. சின்ன எலும்பு! மீதியெல்லாம் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடித்த வடை தட்டுக்குத் திரும்பியது. "ஆம்பளப் புள்ள கையப் புடிக்கிற வீட்டுல நமக்கென்ன சோலி? ஏலே, வெரசா எந்திரி!"

"எந்திரிக்கிறேன் அத்தை. அவங்க கைய விட்டாத்தான?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தேன். முதலில் சிரித்தது அப்பாதான்.

கல்யாணம் நடந்தது. முகூர்த்தத்தில் ஐயர் "பொண்ணு கையைப் பிடிங்கோ" என்றபோது, இவர் தன் மணிக்கட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் பெண் பார்க்கக் கிளம்பினாலும், இவர் வாசல்வரை போய்ச் சொல்லி அனுப்புவார்:

"ஏலே, ஸ்வெட்டர் கைய நல்லா கீழ எறக்கிவிட்டுக்க."