ஓரகத்தியிடம் இல்லாத இங்கிலீஷ்

பொறாமையை வயிற்றெரிச்சல் என்பார்கள். எனக்கு வயிற்றில் எரிந்ததே இல்லை. காதில்தான் எரியும், அதுவும் சாந்தினி இங்கிலீஷ் பேசும்போதெல்லாம்.

சாந்தினி என் கொழுந்தனின் மனைவி. கொடைக்கானலிலேயே பிறந்து கான்வென்ட்டில் படித்தவள். நான் பழனியில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகள். மொட்டை போட வந்தவர்களிடம் பேசி வளர்ந்த வாய். கல்யாணமாகி மலையேறி வந்தேன். மாமியார் மாடியறைகளை ஹோம்ஸ்டே ஆக்கியபோது, விருந்தாளிகளை வரவேற்கும் வேலை சாந்தினிக்குப் போனது, தோசைக்கல் எனக்கு வந்தது. (மூத்த மருமகள் நான். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.) எனக்கு அந்த வாசல் வேண்டும். ராத்திரி பகலாக அதே நினைப்பு.

வேவு பார்த்ததில் ஒன்று தெரிந்தது. மூடுபனி இறங்கினால் 'லவ்லி', பேரிக்காய் மரம் பூத்தால் 'கார்ஜியஸ்' என்று புகழ்வதற்கு அவளிடம் மூட்டை மூட்டையாக இங்கிலீஷ் இருந்தது. ஆனால் கெய்சர் ஓடாவிட்டாலும், காலில் அட்டை ஏறினாலும், காட்டெருமை வாசலில் சாணி போட்டாலும் ஒரே பாட்டுதான்: 'வெரி பேட், சாரி.' ஆக, நல்லதுக்கெல்லாம் அவள் பட்டா வாங்கிவிட்டாள். கெட்டது புறம்போக்காகக் கிடக்கிறது. வளைத்துப் போட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

தோசை ஊற்றிக்கொண்டே போனைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். பார்க்கச் சகிக்காததற்கு ஹிடியஸ். குமட்டலுக்கு ரிவோல்டிங். காறித் துப்பும் அளவுக்குப் போனால் அபாமினபிள். சாக்கடையைப் பார்த்து ஒன்று, மாமியாரின் பழைய கம்பளியைப் பார்த்து ஒன்று என்று தினமும் பயிற்சி நடந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். வீடு பிடித்தால் ஒரு மாதம் தங்குவதாகப் பேச்சு. ஈயோட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அது தீபாவளி. குழந்தை வெண்ணெய் உருண்டை மாதிரி இருந்தது. சாந்தினி விடுவாளா? 'லவ்லி, கார்ஜியஸ், பியூட்டிஃபுல்' என்று அடுக்கினாள். குழந்தை வீலென்று அழ ஆரம்பித்தது.

அத்தை பதறிவிட்டார். "இப்படிக் கண்ணு வச்சா பிள்ளை என்னத்துக்காகும்? யாராச்சும் வெரசா அசிங்கமா எதையாவது சொல்லி முறிங்க தாயி" என்று கிசுகிசுத்தார். (எங்கள் வீட்டில் அழகான குழந்தையை 'அசிங்கம் புடிச்சது' என்றுதான் கொஞ்சுவோம். திருஷ்டி அண்டாது.)

அசிங்கமாகவா? அந்தச் சரக்கு அந்த வீட்டில் வேறு யாரிடம் இருக்கிறது? சாந்தினியைத் தோளால் தள்ளிவிட்டு முன்னால் போனேன். குழந்தையின் முகவாயைப் பிடித்து, வாய் நிறையச் சிரித்து, "ஹிடியஸ் பேபி" என்றேன். அம்மாக்காரியின் சிரிப்பு நின்றது. சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாக, "ரிவோல்டிங் நோஸ். அபாமினபிள் பேபி" என்று சொல்லி, விரலில் இருந்த தோசைக்கல் கரியைக் கன்னத்தில் பொட்டாகவும் வைத்தேன்.

குழந்தை அழுகையை நிறுத்தியது. அப்பாக்காரர் பெட்டியைத் தூக்கினார்.

கேட் வரைக்கும் போய்விட்டார்கள். சாந்தினிதான் மழையில் பின்னாலேயே ஓடி, கண்ணேறு, திருஷ்டிப் பொட்டு எல்லாவற்றையும் விளக்கிக் கூட்டிக்கொண்டு வந்தாள். என் மானத்தைக் காப்பாற்றியதும் அவளுடைய இங்கிலீஷ்தான் என்பது எனக்குப் பொறுக்கவே இல்லை. ஆனால் திரும்பி வந்த அம்மாக்காரி, குழந்தையை என்னிடம்தான் நீட்டினாள். அந்த மாதம் முழுக்கக் காலையில் திட்டு வாங்கிக்கொள்ள அது என் அடுப்படிக்குத்தான் வந்தது. சாந்தினியின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்கு அப்படியொரு திருப்தி.

வாசல் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. "நீ உள்ளயே கெட தாயி, அதுதான் எல்லாருக்கும் நல்லது" என்றுவிட்டார் அத்தை.

இப்போது வீட்டில் யார் எதைப் புதிதாக வாங்கினாலும் என்னிடம் காட்டி ஒரு 'ஹிடியஸ்' வாங்கிக்கொண்டுதான் போவார்கள். போன பொங்கலுக்குச் சாந்தினி மயில்கழுத்து நிறப் பட்டுடுத்தி எதிரே வந்து நின்றாள். எனக்குக் காது எரிந்தது. எரிந்த வேகத்தில் வாய் தவறி, "லவ்லியா இருக்க" என்றுவிட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. "அக்கா, பயமா இருக்குக்கா. வழக்கமாச் சொல்றதயே சொல்லுங்க."

அதற்குள் அத்தை உப்பும் மிளகாயும் எடுக்க உள்ளே ஓடியிருந்தார்.