பன்னிரண்டு பட்டி குறித்து அண்ணனுக்கு

பல்கலைக்கழகக் குடியிருப்பு,
மாசி, 1974.

மதிப்பும் பாசமும் மிக்க அண்ணா அப்புசாமி அவர்களுக்கு,

தங்கை கமலாத்தாள் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். கொல்லங்கோட்டில் நீங்களும் அண்ணியும் கன்று போட்ட எருமையும் அறுவடை முடிந்த வயலும் குறையில்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலைக்குள் நம் வயலில் பன்னிரண்டு நாய்கள் வேண்டும்.

கடிதத்தைக் கிழிக்காதீர்கள் அண்ணா. முழுக்கப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

என் உத்தியோகம் என்னவென்று நீங்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பீர்கள், நானும் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு பதில் சொல்லிவைப்பேன். ஆராய்ச்சி மானியப் பிரிவின் சூப்பிரண்டு என்றால் இதுதான்: உலகத்துக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கப் பேராசிரியர்கள் பணம் கேட்பார்கள், கண்டுபிடிக்கப்போவது என்ன என்பதை முன்கூட்டியே மூன்று பிரதிகளில் எழுதித் தரும்படி நாங்கள் திருப்பி அனுப்புவோம். அப்படி வந்த விண்ணப்பங்களில் ஒன்று உங்கள் மகள் மருதாத்தாளுடையது. அறுவடையான வயலில் இரவு ஆடுகளை அடைத்துவைத்து, அந்தப் புழுக்கை மண்ணில் இறங்கினால் அடுத்த போகம் நெல் எப்படி விளைகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. மூங்கில் படல் கட்டி ஆடு அடைக்கிற இடத்துக்கு நம் பக்கத்தில் பட்டி என்றுதானே பெயர்? இங்கிலீஷில் அதற்கு மனசுக்கு ஒத்த சொல் கிடைக்காமல் அவள் 'பன்னிரண்டு பட்டி' என்றே எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள். விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. அண்ணன் மகளின் கோப்பை அத்தை பார்ப்பது முறையல்ல என்று நானே எழுதிக்கொடுத்து, அதைத் தொடாமல் ஒதுங்கிக்கொண்டேன். அன்று மாலை என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. நடந்த அத்தனை கூத்துக்கும் அந்த நேர்மைதான் காரணம். அந்த ஆபீசில் ஆட்டுப்பட்டியைக் கண்ணால் கண்ட ஒரே ஆள் நான்.

கோப்பு கணக்குப் பிரிவு பாஸ்கரக்குறுப்பிடம் போயிற்று. மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு நாய்களை இரவில் வயலில் கட்டிவைக்கும் திட்டமாகத்தான் அவர் அதைப் படித்தார். படித்துவிட்டுச் சும்மா இருந்தாரா? பஞ்சாயத்து லைசென்ஸ் உண்டா, வெறிநாய்க்கடி ஊசி போட்டாயிற்றா, நாய்க்கழிவு நெல்லுக்கு ஆகுமா என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினார். டைரக்டர் அதன் ஓரத்தில் 'மிகப் புதுமையான சிந்தனை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு குறுப்பு கொல்லங்கோடு தபாலாபீசுக்கு டிரங்கால் போட்டு மருதாவைக் கூப்பிட்டிருக்கிறார். இரைச்சலுக்கு நடுவே நடந்த பேச்சை அவள் அப்படியே எனக்கு ஒப்பித்தாள். குறுப்பின் பாஷையில் 'தரம்' என்றால் இனம், 'அழிச்சு விடுவது' என்றால் அவிழ்த்துவிடுவது என்பதை மனசில் வைத்துப் படியுங்கள்.

"பட்டி ஏது தரம்?"

"நல்ல தரமுங்க சார். மூங்கிலுங்க."

"ராத்திரி அழிச்சு விடுமோ?"

"இல்லீங்க சார், தெனமும் எடம் மாத்திக் கட்டுவோமுங்க."

"கடிக்குமோ?"

"கையில சிராய் ஏறுமுங்க, பாத்துத் தொடோணும்."

குறுப்பு கோப்பில் எழுதியது: 'இனம் மூங்கில். நாட்டு வகை. எச்சரிக்கையின்றித் தொடுவது ஆபத்து.'

அதன்பேரில் போன வாரம் ஒரு மிருக வைத்தியர் ஊசிப்பெட்டியோடு நம் வயலுக்கு வந்தார். நீங்கள் அன்று சிற்றூர் சந்தைக்குப் போயிருந்தீர்களாம். பட்டிக்காவலுக்கு நின்ற செங்கோட்டையன்தான் எதிர்கொண்டிருக்கிறான்.

"ஏனுங்க டாக்டரு, ஊசி யாருக்குங்க?"

"பட்டிக்கு."

"பட்டிக்கு எதுக்குங்க ஊசி? கத்தாழ நாருல ரெண்டு கட்டு இழுத்துக் கட்டுனா நின்னுக்குமுங்க."

"பன்னிரண்டையும் காட்டு!"

"இத்தன நேரமும் அதுமேலதானுங்க சாஞ்சு நின்னுட்டு இருக்கறீங்க!"

வைத்தியர் திரும்பிப் பார்த்தார், படல்தான் தெரிந்தது. 'நாய்கள் காட்டப்படவில்லை, காவலாள் கேலி செய்கிறான்' என்று அறிக்கை அனுப்பிவிட்டார். இப்போது இல்லாத நாய்களின் பேரில் பல்கலைக்கழகப் பணம் வாங்கியதாக உங்கள் மகள் மேல் சந்தேகம் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு பரிசோதனை அதிகாரி வருகிறார். அவர் நல்லபடியாக எழுதாவிட்டால் மருதாவின் உதவித்தொகை நின்றுவிடும். நின்றுவிட்டால் அவளை உடுமலைப்பேட்டை மாப்பிள்ளைக்கு வைகாசியிலேயே கட்டிக்கொடுத்துவிடுவதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் போனில் அழுதபோது என் நேர்மையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு நேரே குறுப்பிடம் போனேன். பட்டி நாயல்ல, ஆடு அடைக்கிற இடம் என்று கையால் படல் கட்டிக்கூடக் காட்டினேன். பக்கத்து மேசை யக்ஞநாராயணன், கல்பாத்திக்காரர், அவரும் தமிழர்தானே, துணைக்கு வருவார் என்று திரும்பிப் பார்த்தேன்.

"நேக்குத் தெரிஞ்சு பட்டின்னா நாயாக்கும்," என்றார் அவர். "தேர் அன்னிக்கு என் கால்லே கடிச்சது பட்டிதானே? ஆட்டுக்கொட்டிலா வந்து கடிச்சது?"

குறுப்பு கெட்டவரில்லை. நான் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மேடம் பறயுன்னது சரி. பக்ஷே ஃபைலில் பட்டி உண்டு, ஆடு இல்லா. டைரக்டர் ஒப்பு வெச்சது பட்டிக்கு. ஆட்டுக்கு வேணுமெங்கில் புதிய அப்ளிகேஷன் வேணும். அது அடுத்த வர்ஷம் நோக்காம்." பிறகு இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "வெள்ளியாழ்ச்ச ஒரு பன்னிரண்டு பட்டியைக் காட்டினால் போதும் மேடம்," என்றார்.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்தேன் அண்ணா. குறுப்பைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊர்த் தெருவில் யாராவது "பட்டி!" என்று கத்தினால் நானும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்குகிறேன். நம் வாசலில் நின்று நீங்கள் "பட்டி" என்றால் ஆட்டு வாசனை எனக்கு மூக்கில் ஏறுகிறது. இத்தனை வருஷத்தில் இந்த இரண்டு சொல்லும் என் தலைக்குள் ஒருமுறைகூட ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதில்லை. மருதாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. இரண்டு பாஷை தெரியும் என்று நான் பீற்றிக்கொள்வதெல்லாம், ஒரு காதை மூடிக்கொண்டுதான் மறு காதைத் திறக்கிறேன் என்பதுதான் போலிருக்கிறது.

ஆகவே கோப்பைத் திருத்துவதைவிட நாய்களைத் திரட்டுவது சுலபம். வியாழக்கிழமை சாயங்காலமே ஆடுகளை மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஓட்டிவிடுங்கள். ஒரு பட்டிக்கு ஒரு நாய் வீதம் கட்டுங்கள். குப்பண்ணன் வீட்டுக் கறுப்பன் வேண்டாம், அது அதிகாரிகளைத் தனியாகக் கண்டுபிடித்துக் கடிக்கும். பழனாத்தாள் அக்காவிடம் மூன்று இருக்கின்றன. கேட்டால் தருவாள், எதற்கு என்று மட்டும் சொல்லாதீர்கள், சொன்னால் ஊர்வலமாக வந்துவிடுவாள். செங்கோட்டையன் அன்று வாயே திறக்கக்கூடாது. அவனுக்குப் பல்வலி என்று தாடையில் துணி கட்டிவிடுங்கள்.

உங்களுக்குக் கோபம் வரும். "ஆட்டுப் புழுக்கைய அளக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று போன தீபாவளிக்கு நீங்கள் கேட்டபோது அவள் எழுந்துபோய் வயலில் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். அங்கே அவள் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்து, "அத்தே, இது போன வருசத்து மண்ணு இல்ல, வேற மண்ணு," என்றாள். அந்த முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. எனக்குப் படிப்பு ஒரு மேசையைக் கொடுத்தது, குறை சொல்லவில்லை. அவளுக்கு வயல் கிடைத்திருக்கிறது. அதை ஒரு சொல்லுக்காகப் பிடுங்க விடமாட்டேன். அதற்காகத்தான் உங்கள் தங்கை, ஒழுங்குக்குப் பெயர்போனவள், மூன்று மணிநேரமாக உட்கார்ந்து அண்ணனை நாய் பிடிக்கச் சொல்லி எழுதுகிறாள்.

அண்ணிக்கு என் கும்பிடு. அவர் அனுப்பிய எள்ளுருண்டை வந்து சேர்ந்தது. பாதி யக்ஞநாராயணன் தின்றுவிட்டார். மருதாவுக்கு என் ஆசீர்வாதம், சாப்பிடாமல் இருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊரில் விசாரிக்கிற எல்லோருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
கமலாத்தாள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஆபீசில் நடந்ததை எழுதிவிடுகிறேன். முதலில் வருவதாக இருந்த அதிகாரிக்கு அம்மை போட்டிருக்கிறது. அவருக்குப் பதிலாகத் தேவிகுளத்திலிருந்து வெங்கிடாசலம் என்பவரை நியமித்தார்கள், அவரும் இன்றே கோப்பைப் பார்க்க வந்துவிட்டார். போடிமெட்டுக்குக் கீழே பிறந்த அசல் தமிழர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சார், பட்டின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமில்லையா?" என்று கேட்டேன். "என்னம்மா இப்பிடிக் கேட்டுப்புட்டீக! நான் பொறந்து வளந்ததே பட்டியிலதான். இந்தக் குறுப்பு நாயின்னுல்ல எழுதி வச்சிருக்காரு!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். கோப்பை வாங்கித் தன் கையாலேயே திருத்தி, டைரக்டரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகுதான் பிரித்துப் படித்தேன். அவர்கள் பக்கத்தில் பட்டி என்றால் ஊர். பன்னிரண்டு கிராமங்களில் நடக்கும் இத்தனை பெரிய ஆராய்ச்சிக்கு ஒரு வருஷம் போதாது என்று மருதாவுக்கு மூன்று வருஷம் நீட்டித்திருக்கிறார். வெள்ளிக்கிழமைப் பரிசோதனை தேவையில்லையாம், சாவகாசமாக ஜீப்பில் வந்து பன்னிரண்டு ஊரையும் பார்ப்பாராம். ஆகவே நாய்களைத் தேட வேண்டாம் அண்ணா, உடுமலைப்பேட்டைக்காரர்களுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுங்கள். இந்தத் தடவை நான் யாருக்கும் எதையும் விளக்கப்போவதில்லை.