ஐந்து கிலோ யூரியா

கோபத்தில் கடிதம் எழுதாதே, கோபத்தில் வண்டி ஓட்டாதே என்றெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். கோபத்தில் உரம் போடாதே என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். சொன்னவர் மேல் தனியாக ஒரு கோபம் வந்திருக்கும். அப்போது நான் அப்படித்தான் இருந்தேன். (இப்போதும் அப்படித்தான் என்கிறாள் மனைவி.)

எங்கள் வீடு ஹெப்பகோடியைத் தாண்டி ஒரு லேஅவுட்டில் இருக்கிறது. வாசலில் முன்னூறு சதுர அடிக்குப் புல்தரை. வீடு வாங்கிய புதிதில் நானும் சுமதியும் அதை ‘லான், லான்’ என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தோம். அந்த ஏப்ரலில் அது மஞ்சளடித்துக் கிடந்தது. பக்கத்து வீட்டு மஞ்சுநாத்தின் லான் மட்டும் வாழையிலை மாதிரி பச்சை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, மிகுந்த அக்கறையோடு, “ஏன் சார், கோதி ஹாக்கிதீரா?” என்று கேட்டார். கோதுமை போட்டிருக்கிறீர்களா என்று அர்த்தம். எலக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ் போய்ச் சேரும்வரை பதில் யோசித்தேன். கன்னடத்தில் ஒன்றும் அமையவில்லை. (தமிழில் அமைந்தது. அச்சில் போட முடியாது.)

மஞ்சுநாத்திடம் காட்ட முடியாத கோபத்தை மறுநாள் எங்கள் தோட்டக்காரர் முனிராஜுவிடம் காட்டினேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கொத்துப் புல்லை இழுத்துப் பார்த்துவிட்டு, வெயில் கடுமையாக இருக்கிறது, இப்போது உரம் எதுவும் வேண்டாம், முதல் மழை விழட்டும், மக்கிய எரு போடலாம் என்றார். உனக்கு வேலை செய்ய உடம்பு வளையவில்லை, நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டேன். அவர் ஹோஸ் பைப்பை ஒழுங்காகச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அந்த ஒழுங்கு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

என்னால் மழைவரை காத்திருக்க முடியாது. சுமதியின் தங்கை நித்யா எங்களோடுதான் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பெண் பார்க்க அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் பார்த்துவிட்டுப் போய்த் தகவலே சொல்லவில்லை. திருப்பத்தூரிலிருந்து மாமனார் தினமும் போன் செய்து, “மாப்ள, இந்த தடவ எதுவும் தப்பாயிடக் கூடாது” என்றார். எங்கள் ஹாலில் பன்னிரண்டு பேர் உட்கார முடியாது. லானில்தான் நாற்காலி போட வேண்டும். மாப்பிள்ளை பெயர் பிரகாஷ். பீன்யாவில் ஒரு கம்பெனியில் கெமிஸ்ட் என்று பயோடேட்டாவில் இருந்தது. மாத்திரைக் கம்பெனியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை உரக்கடைக்குப் போனேன். சீக்கிரம் பச்சையாக எது ஆகும் என்று கேட்டேன். யூரியா என்றார் கடைக்காரர். இடம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு, அதற்கு நான்கைந்து கைப்பிடி தாராளம், மணலோடு கலந்து சாயங்கால நேரத்தில் பரவலாகத் தூவி, உடனே நன்றாகத் தண்ணீர் விட வேண்டும் என்றார். நான்கைந்து கைப்பிடிக்காகவா நான் இந்த டிராபிக்கில் வந்தேன்? ஐந்து கிலோ கட்டச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் பார்த்தேன். கட்டிக் கொடுத்துவிட்டார்.

மணி பன்னிரண்டு. மண்டையைப் பிளக்கும் வெயில். வாளியில் யூரியாவைக் கொட்டிக்கொண்டு லானில் இறங்கியபோது மேனேஜரிடமிருந்து போன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்ய வேண்டுமாம். காதில் போனை இடுக்கிக்கொண்டு ‘ஓகே சார்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு ஓகேவுக்கும் ஒரு கைப்பிடி. போனில் காட்ட முடியாத கோபம் முழுக்கக் கை வழியாகப் புல்லில் இறங்கியது. நித்யா ஜன்னலிலிருந்து, “மாமா, இவ்ளோ போடணுமா?” என்று கேட்டாள். நான் போனைப் பொத்திக்கொண்டு முறைத்தேன். முடித்துவிட்டுக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, காலி. டேங்கர் சாயங்காலம் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போனேன். டேங்கர் வந்தது. எனக்குத்தான் ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை அங்கங்கே பழுப்பு தட்டியது. உரம் போதவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்து, வாளியில் மிச்சமிருந்ததையும் வீசினேன். (இந்த இடத்தில் அன்றைய என்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருக்கிறது.) வெள்ளிக்கிழமை லான், கல்லிலேயே மறந்து விட்ட தோசை போலக் கருகியிருந்தது. மஞ்சுநாத் சுவர் வழியாகப் பார்த்தார். இந்த முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கருகலை மறைக்க நான்கு ஜமக்காளங்களை விரித்து, மேலே நாற்காலி போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து, கேசரி சாப்பிட ஆரம்பிக்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிரகாஷ் கையிலிருந்த ஸ்பூன் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. ஜமக்காளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் சுருட்டினார். பிறகு எழுந்து, தன் நாற்காலியை நகர்த்திவிட்டு, முழுதாகவே சுருட்டினார். ஒரு புல்லைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். மண்ணை விரலால் கிளறினார்.

“யூரியா,” என்றார்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் என்ன என்று கேட்டார். அப்போதுதான் பிரகாஷின் அப்பா பெருமையோடு சொன்னார்: பையன் வேலை செய்வது உரக் கம்பெனியில். மண் பரிசோதனைப் பிரிவு.

“அளவுக்கு மேல போட்டு எரிஞ்சிருக்கு சார். தண்ணியே விடல,” என்று பிரகாஷ் தொடர்ந்தார். நல்ல மனிதர், பாவம், தொழிலில் மூழ்கிவிட்டார். திட்டுத்திட்டாகக் கருகியிருந்த இடங்களை விரலால் சுட்டிக்கொண்டே போனார். “கையாலதான் வீசியிருக்காங்க. நின்னு நின்னு வீசியிருக்காங்க. போட்டவரு நல்ல கோவத்துல இருந்திருக்காரு.”

பன்னிரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சிரித்துக் கடந்திருப்பார்கள்.

“தம்பி, நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, புல்லு பாக்க வந்தீங்களா?” என்றேன்.

பிரகாஷின் அம்மா கேசரித் தட்டை நாற்காலியில் வைத்தார். பிரகாஷின் தாய்மாமன் எழுந்து செருப்பைத் தேடினார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். சுமதி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. மூன்றாவது இடமும் போயிற்று, போக்கியது நான் என்பது எனக்கே தெரிந்தது. அந்த நிமிடத்தில் கோபம் போய்ப் பயம் வந்தது.

அப்போது வாசற்படியில் காபித் தட்டோடு நின்ற நித்யா, “மாமா, அவர் சொன்னதுல என்ன தப்பு? அஞ்சு கிலோ. நான்தான் பாத்தேனே,” என்றாள். தட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு நேராகப் பிரகாஷிடம் வந்து, “இப்ப என்ன செய்யணும்?” என்று கேட்டாள்.

“தண்ணி. நெறைய.”

அவள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹோஸ் பைப்பை எடுத்து வந்தாள். அவர் பேண்டை மடித்துவிட்டார். பெரியவர்கள் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்கள். அரை மணி நேரம் இருவரும் லானை வெள்ளக்காடாக்கினார்கள். எந்தப் பெண் பார்க்கும் சடங்கிலும் பேச விடாத அளவுக்குப் பேசினார்கள். ஒரு முறை இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் குழாயடி வேலை. “மாமா, இன்னும் கொஞ்சம் தொறங்க” என்று நித்யா சொன்னபோதெல்லாம் திறந்தேன்.

கிளம்பும்போது பிரகாஷின் அம்மா சம்மதம் சொல்லிவிட்டார். பிரகாஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே எரிந்திருந்தாலும் அடி மண் நன்றாகப் பொலபொலவென்று இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டவரை விட்டுவிடாதீர்கள் என்றார். விட்டுப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. முனிராஜுவுக்கு நான்கு முறை போன் செய்து, தப்பு என்னுடையது என்று கன்னடத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ஜூன் மழைக்கு வந்தார். கருகியதைக் கொத்தி எடுத்து, மக்கிய எரு கலந்து, புதுப்புல் நட்டார். அதில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை.

நித்யாவுக்கும் பிரகாஷுக்கும் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் அவர்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அறையில் ஏசி சரியாக வேலை செய்யவில்லை. இப்படி வைத்திருக்கிறார்களே என்று நர்ஸிடம் சத்தம் போட ஆரம்பித்தேன். கட்டிலில் படுத்திருந்த நித்யா கண்ணைத் திறக்காமலே, “மாமா, கொழந்த பாக்க வந்தீங்களா, ஏசி பாக்க வந்தீங்களா?” என்றாள். மாமனார், சுமதி, பிரகாஷ் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நர்ஸுக்கும் கதை தெரிந்திருந்தது.

இந்தக் குடும்பத்தில் இத்தனை வருடமாக நான் எவ்வளவோ நல்ல விஷயங்கள் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.