தூக்க விழிப்புணர்வு முகாம்

சாலை விபத்துகள் பெருகிவிட்டதைக் கருத்தில் கொண்டு, லாரி ஓட்டுநர்கள் இனிமேல் தூங்க வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. அதுவரை அவர்கள் தூங்காமல் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது குறித்து ஆய்வு எதுவும் நடத்தப்படவில்லை.

தூங்கினால் மட்டும் போதாது, தூங்கியதற்கு அத்தாட்சி வேண்டும். ஆகவே ஒவ்வொரு லாரியிலும் ஒரு கறுப்புப் பெட்டி பொருத்தப்பட்டது. இன்ஜின் ஓடினால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். அது பணி நேரம். இன்ஜின் நின்றால் பச்சை. அது ஓய்வு நேரம். எட்டு மணி நேரம் பச்சை எரிந்த பிறகுதான் அதே ஓட்டுநர் மறுபடி வண்டியை எடுக்கலாம். இன்ஜினை நிறுத்திய பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதில் பெட்டி தலையிடாது. அந்த அளவுக்கு அது நாகரிகமான பெட்டி.

திருச்சி பாலக்கரை காஜா மைதீன் ஒரு பார்சல் கம்பெனியில் லாரி ஓட்டுபவர். ஒருமுறை கரூர் பைபாஸில் இரண்டு டயர் பஞ்சராகி, சித்திரை வெயிலில் ஜாக்கி போட்டுக் கழற்றி மாட்டி முடிப்பதற்குள் அவருக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. 'இன்று சிறப்பாக ஓய்வெடுத்தீர்கள். வாழ்த்துகள்!' என்று மாலையில் பெட்டியிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. அதைக் கையில் இருந்த கிரீஸோடு தொட்டுத் தொட்டு இரண்டு தடவை படித்தார்.

ஆனால் அவருக்குத் தூக்கம் விளையாட்டு விஷயம் இல்லை. போன மாதம் பெங்களூரிலிருந்து வரும்போது, முசிறி தாண்டி, காவேரிக் கரையோரச் சாலையில் ஒரு கணம் கண் அசந்துவிட்டது. கிளைகள் கண்ணாடியில் உரசிய சத்தத்தில் விழித்தபோது வண்டி தார்ச் சாலையை விட்டு இறங்கி மண்ணில் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஆறு. வண்டியை நிறுத்திவிட்டு, ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். வீட்டில் மனைவி நஜீமாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

முகாம் நடந்த அன்று காலையும் அவர் பெங்களூரிலிருந்துதான் வந்து சேர்ந்தார். பாலக்கரை குடோனில் வண்டியை நிறுத்தியதும் பெட்டியில் பச்சை எரிந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுக்கலாம் என்று செருப்பை மாட்டும்போது, மேனேஜர் சித்தார்த் ஓடி வந்தார்.

"காஜா பாய், வீட்டுக்குப் போயிடாதீங்க. ஸ்ரீரங்கத்துல கவர்மெண்டு முகாம். கம்பெனிக்கு இத்தனை டிரைவர்னு அனுப்பியே ஆகணுமாம். வேன் ரெடியா நிக்குது."

"என்ன முகாம் தம்பி?"

"தூக்க விழிப்புணர்வு முகாம்."

காஜா மைதீன் அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். "தம்பி, நான் ராத்திரி பூரா முழிச்சு வந்திருக்கேன். தூங்கணும்."

"அதுக்குத்தானே பாய் முகாம்! உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் நடத்தறாங்க. அங்க போய் உட்கார்ந்தாலே போதும். இங்க உங்க வண்டியில பச்சை எரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

வேனில் ஏற்கெனவே அரை டஜன் ஓட்டுநர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். காவேரிப் பாலம் ஏறி இறங்குவதற்குள் காஜா மைதீனும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். முகாமுக்கு முன் அவருக்குக் கிடைத்த மொத்தத் தூக்கம் அந்தப் பாலம் அளவுதான்.

ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டப வாசலில் ஓட்டுநர் ஓய்வு நல அலுவலர் அமிர்தராஜ் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். எதையும் மேலிடத்துச் சுற்றறிக்கையில் உள்ளபடி செய்பவர். சுற்றறிக்கையில் முதலில் ஊர்வலம் என்று இருந்தது. ஆகவே எல்லோர் கையிலும் ஒரு அட்டை கொடுக்கப்பட்டது. காஜா மைதீனுக்குக் கிடைத்த அட்டையில் 'தூக்கம் எங்கள் உரிமை' என்று எழுதியிருந்தது.

"சத்தமா கோஷம் போடணும். தூங்கி வழியறவங்களை முன்னாடி விடாதீங்க, போட்டோவுல விழும்," என்றார் அமிர்தராஜ்.

உச்சி வெயில் ஏற ஏற ஊர்வலம் சித்திரை வீதியில் நகர்ந்தது. "தூங்குவோம்! தூங்குவோம்!" என்று முன்வரிசை கத்த, "விபத்தின்றி ஓட்டுவோம்!" என்று பின்வரிசை முனகியது. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர், நெற்றியில் திருமண் பளிச்சிட, காஜா மைதீனை நிறுத்தினார்.

"என்ன ஸ்வாமி, எதுக்கு இத்தனை கோஷம்?"

"தூங்கறதுக்குங்க."

"தூங்கறதுக்கா!" பெரியவர் கோபுரத்தின் பக்கம் கை காட்டினார். "உள்ளே பெருமாள் எத்தனை யுகமா சயனத்துல இருக்கார். ஒரு நாளாவது ஊர்வலம் போய்க் கத்திட்டா படுத்துண்டார்? பேசாம ஆத்துக்குப் போய்ப் படுங்கோ."

"போக விட மாட்டேங்கறாங்க சாமி," என்றார் காஜா மைதீன். பின்னாலிருந்து யாரோ அட்டையால் முதுகில் இடித்தார்கள்; நகர்ந்தார்.

மண்டபத்துக்குள் ஏசி போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து அனுசுயா என்ற ஸ்லீப் கோச் வந்திருந்தார். தூங்கக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். மேடையில் நவீன மெத்தைகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒவ்வொன்றும் உடம்பின் வளைவை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். தன் லாரி சீட்டுக்கும் அந்தக் குணம் உண்டு என்று காஜா மைதீன் நினைத்துக்கொண்டார். அதில் அவர் உட்கார்ந்த பள்ளம் பத்து வருஷமாக அப்படியே இருக்கிறது.

"இப்ப எல்லாரும் மெதுவாக் கண்ணை மூடுங்க," என்றார் அனுசுயா, தேன் குரலில். "உங்க மூச்சைக் கவனிங்க. ஒரு நதிக்கரையில நிக்கிறதா நினைச்சுக்கோங்க."

நதிக்கரை என்றதும் காஜா மைதீன் ஒருமுறை திடுக்கிட்டார். அப்புறம் தூங்கிவிட்டார். அவர் மட்டுமில்லை, நடு வரிசை முழுக்க. குறட்டைச் சத்தம் எழும்பி மைக்கிலேயே கேட்டது.

அனுசுயாவின் முகம் வாடிவிட்டது. "சார், நான் கண்ணை மூடத்தான் சொன்னேன். தூங்கச் சொல்லலை. இது மைண்ட்ஃபுல் ரெஸ்ட். தூங்கிட்டா எப்படிக் கத்துக்குவாங்க?"

அமிர்தராஜ் இறங்கி வந்து காஜா மைதீனின் தோளைக் குலுக்கினார். "என்ன பாய், தூக்கத்தைப் பத்திப் பேசறப்பவே தூங்கறீங்களே!"

"மேடம் நல்லாப் பேசறாங்க சார். அதான் வந்துடுச்சு."

"போர்டைப் பாருங்க. விழிப்புணர்வுன்னு போட்டிருக்கு. விழிப்பு இருந்தாத்தான் உணர்வு வரும்." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்: "முகாமில் கண் விழித்திருந்த நேரம் மட்டுமே ஓய்வாகக் கருதப்படும். தூங்குபவர்கள் ஆப்சென்ட்! சம்பளம் பிடிக்கப்படும்!"

அதற்குப் பிறகு யாரும் தூங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரை மாறி மாறிக் கிள்ளிவிட்டுக்கொண்டு எல்லோரும் நன்றாக ஓய்வெடுத்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். தூங்கும் ஓட்டுநர் ஒருவர் படத்துக்கு வேண்டும் என்றார்கள். தாடியும் முகக்களையும் பார்த்துக் காஜா மைதீனைத் தேர்ந்தெடுத்து மேடை மெத்தையில் படுக்க வைத்தார்கள். முதுகு மெத்தையில் பட்டதும் அவர் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"பாய், கண்ணைத் திறந்து சிரிங்க," என்றார் போட்டோக்காரர். "தூங்கற மாதிரி இருந்தா டல்லா இருக்கு."

சிரித்தார். பிறகு அவரை எழுப்பிவிட்டு, அடுத்த படத்துக்காக அமிர்தராஜ் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வேன் பாலக்கரைக்குத் திரும்பியபோது குடோன் வாசலில் அவருடைய லாரி லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, தயாராக நின்றது. பெட்டியில் பச்சை விளக்கு பளபளத்தது.

"வாங்க பாய்," என்றார் சித்தார்த். "எட்டு மணி நேரத்துக்கு மேலயே ரெஸ்ட் எடுத்துட்டீங்க. சென்னை லோடு. நாளைக்குக் காலையில அங்க இருக்கணும்."

"என்ன சரக்கு?"

சித்தார்த் பதில் சொல்வதற்குள் ஜீப்பிலிருந்து அமிர்தராஜே இறங்கி வந்தார். "நம்ம மெத்தைங்கதான் பாய். நாளைக்குக் காலையில சென்னையில இதே முகாம். மெத்தை இல்லாம முகாம் நடத்த முடியாது. நம்பிக்கையான டிரைவரா வேணும்னு நான்தான் உங்க பேரைச் சொன்னேன்."

காஜா மைதீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், நான் தூங்கலை. உங்களுக்கே தெரியும். நீங்கதானே என்னை எழுப்புனீங்க?"

"அது வேற விஷயம். ரெக்கார்டுபடி நீங்க ரெஸ்ட் எடுத்திருக்கீங்க. மெத்தையில படுத்துச் சிரிக்கற போட்டோ நாளைக்குப் பேப்பர்ல வருது. இப்பப் போய்த் தூங்கலைன்னு சொன்னா, முகாம் என்னத்துக்கு நடந்துச்சுன்னு என்னைக் கேக்க மாட்டாங்களா?"

"சார்." அவர் குரல் இறங்கிவிட்டது. "போன மாசம் முசிறிகிட்ட கண் அசந்துட்டேன். வண்டி ஆத்தங்கரையில இறங்கிடுச்சு. இன்னும் பத்தடி போயிருந்தா நான் இல்லை. யார்கிட்டயும் இதைச் சொல்லலை, உங்ககிட்டதான் சொல்றேன்."

அமிர்தராஜ் அவர் தோளில் கை வைத்தார். அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"அப்போ பெட்டியில சிவப்பா, பச்சையா?"

காஜா மைதீன் அலுவலகத்துக்குள் போய், சித்தார்த்தின் மேசையில் வண்டிச் சாவியை வைத்தார்.

"பாய், வேலை போயிடும்," என்றார் சித்தார்த், உண்மையான வருத்தத்தோடு.

"போகட்டும் தம்பி. நான் போறதுக்கு அது போறது தேவலை."

நடந்தே வீட்டுக்குப் போனார். நஜீமா கதவைத் திறந்தவுடன் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் பாயை விரித்தாள். போனை வாங்கி அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டாள். அவர் மறுநாள் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு வரை எழவில்லை.

சித்தார்த் மற்ற ஓட்டுநர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். முகாமுக்கு வந்த அத்தனை பேரின் போனும் அணைந்திருந்தது. முகாமுக்கு வராத ஓட்டுநர்கள் பகலில் வீட்டில் நன்றாகத் தூங்கியிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய வண்டிகளைப் பகலில் உள்ளூர் டெலிவரிக்கு வேறு ஆட்கள் ஓட்டியதில் பெட்டியில் சிவப்பு எரிந்திருந்தது; ஓய்வெடுத்ததற்கு அத்தாட்சி இல்லாததால் வண்டியைக் கொடுக்க முடியவில்லை. மெத்தைகள் பாலக்கரையிலேயே படுத்துக்கொண்டன.

மறுநாள் சென்னை முகாம் தவிர்க்க இயலாத காரணங்களால் ஒத்திவைக்கப்பட்டது. அங்கே வந்து கூடியிருந்த ஓட்டுநர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். இரவு கிளம்ப வேண்டிய வண்டிகள் பல, ஓட்டுநர்கள் எழுந்திருக்காததால் விடிந்த பிறகே கிளம்பின. திருச்சி முகாமின் தாக்கம் சென்னை வரை உணரப்பட்டது என்று அமிர்தராஜ் அறிக்கை அனுப்பினார். அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. காஜா மைதீனின் வேலையும் போகவில்லை. அவருக்குப் பதில் ஆள் கிடைக்காதவரை அவரை மன்னிப்பதென்று கம்பெனி பெருந்தன்மையோடு தீர்மானித்தது.

சென்னை முகாம் ஒத்திப்போனதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, அவர் மகள் ஸஹ்ராவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் தஞ்சாவூரிலிருந்து வருவதாக இருந்தது. காலையிலேயே ஸஹ்ரா போனைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக வந்தாள்.

"அத்தா, சென்னையில ஆர்டர் போட்ட டிரஸ் இன்னும் வரலை. விடியறப்பவே வந்திருக்கணும். நான் எதைக் கட்டிக்கிட்டு அவங்க முன்னால நிக்கிறது?"

காஜா மைதீன் உடனே சித்தார்த்துக்குப் போன் போட்டார்.

"என்ன தம்பி, சென்னை வண்டி எங்கே?"

"இன்னும் விழுப்புரமே தாண்டலை பாய். லேட்டாத்தான் எடுத்திருக்காங்க."

"ஏன்? வண்டி ரிப்பேரா?"

"இல்லை பாய். டிரைவர் தூங்கிட்டாராம்."

"தூங்கிட்டாரா!" காஜா மைதீனுக்கு வந்த கோபத்தில் போனை வேறு காதுக்கு மாற்றினார். "என்ன டிரைவர் தம்பி அந்த ஆளு? ஒரு ராத்திரி முழிச்சு ஓட்ட முடியாதா? இங்க பொண்ணு அழுதுக்கிட்டு நிக்குது. இவனுங்களையெல்லாம் கேக்கறதுக்கு ஆளே இல்லையா? அந்த ஆபீசர் நம்பரைக் குடுங்க, ஒரு கம்ப்ளெயிண்ட் சொல்லணும்."

சித்தார்த் நம்பரைக் கொடுத்தார். காஜா மைதீன் விடாமல் முயன்றார். அது வெகு நேரம் பிஸியாகவே இருந்தது. அன்று காலை பார்சலுக்காகக் காத்திருந்தவர்கள் திருச்சியில் நிறையப் பேர்.