மொட்டைமாடியில் ஒரு குற்றாலம்

ஒருவருடைய மன அமைதிக்காக இன்னொருவருடைய சட்டை நனையலாமா? சமூகவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கு, இந்தக் கேள்வி அண்ணனூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில்தான் எழுந்தது. (கண்களைத் திறந்த பிறகு.)

காலைப்பொழுதை நிதானமாகத் தொடங்குவதென்று அந்த வாரம் தீர்மானித்திருந்தேன். விடியும் முன் எழுவது, கைப்பேசியை அணைத்து வைப்பது, வெந்நீர், பிறகு மூச்சுப் பயிற்சி. எங்கள் குடியிருப்பில் மோட்டார் போடும் பொறுப்பு மாதத்துக்கொரு வீடாகச் சுற்றி வரும். மோட்டார் அறைச் சாவியும் அந்த வீட்டோடு போகும். அம்மாதம் என் முறை. மோட்டாரைப் போட்டேன், அறையைப் பூட்டினேன், சாவியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினேன். போகிற வழியில், "நீரை வீணாக்குவது குற்றம்" என்று படிக்கட்டுச் சுவரில் நானே ஒட்டியிருந்த தாளைப் பெருமையோடு ஒருமுறை படித்தேன். இடையூறு கூடாதென்று மாடிக் கதவை மாடிப் பக்கமிருந்து தாழிட்டு, கண்களை மூடி அமர்ந்தேன்.

சற்று நேரத்தில் நீர் விழும் ஓசை கேட்டது. தென்காசிக்காரனான எனக்கு அது ஐந்தருவியாகவே ஒலித்தது. தியானம் கைகூடிவிட்டது என்று மெய்சிலிர்த்தேன். பிறகு கதவு தடதடத்தது. வெளியோசைகளை வந்தபடியே போகவிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், போகவிட்டேன். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்த சத்தத்தை மட்டும் போகவிட முடியவில்லை.

எதிர்வீட்டுக் கலா அக்கா நின்றார். நிரம்பி வழிந்த தொட்டி நீர், அவர் இரவே துவைத்து மாடிக் கொடியில் போட்டிருந்த சீருடையின் மேல் நேராகக் கொட்டிக்கொண்டிருந்தது. திருமழிசைத் தொழிற்சாலையில் அன்று அவர் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்க வேண்டும். அதற்கென்று கொடுத்திருந்த புதுச் சீருடை அது ஒன்றுதான். கம்பெனி பஸ் வரச் சற்று நேரமே இருந்தது.

"இன்னா தம்பி, குத்தாலத்துல குந்திகினு கீறியா? ஊரே கூவுது, காதுல உழலையா?"

"அக்கா, மன்னிக்கணும்... தியானம்..."

"தியானத்த அப்பால பாத்துக்கலாம். மொதல்ல மோட்டார நிறுத்து நைனா. அப்புறம் ஊட்டுக்கு வந்து இஸ்திரிப் பெட்டியப் புடி."

பிடித்தேன். சட்டையிலிருந்து ஆவி, என்னிடமிருந்து வியர்வை. அவரோ மகளுக்குச் சடை பின்னினார், குக்கரை இறக்கினார், டிபன் கட்டினார், எனக்கும் ஒரு டம்ளர் டீ வைத்தார். ஒரு கடுஞ்சொல் இல்லை. நான் மாடியேறிப் போய்த் தேடிய நிதானம், அந்தச் சின்னச் சமையலறையில் கரண்டியோடு நடமாடிக்கொண்டிருந்தது.

"அக்கா, காலர் இன்னும் ஈரமா இருக்கே."

"பரவால்ல. பஸ்ல ஜன்னலாண்ட குந்திகினா காஞ்சிடும். நீ இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற?"

ஈரக் காலரோடு போனவர், மாலையில் மேற்பார்வையாளராகத் திரும்பினார். முதல் லட்டை என்னிடம் நீட்டி, "இந்தா தம்பி, குத்தால சீசன் முடிஞ்சிதா?" என்றார். நான் சாவியோடு இறங்கும் நாளெல்லாம் குடியிருப்பில் யாராவது ஒருவர், "இன்னிக்கு சீசன் கீதா?" என்று விசாரிக்கிறார். (தென்காசியிலிருந்து என் அம்மாவும் விசாரிக்கிறாள். அவளுக்குச் சொன்னது கலா அக்காதான் என்று எனக்குத் தெரியும்.)

இப்போதும் விடியும் முன் எழுகிறேன். என் முறை வரும் மாதங்களில், மூச்சுப் பயிற்சியை மோட்டார் அறையில், சுவிட்சின் மேல் ஒரு கையை வைத்தபடி, கண்களைத் திறந்துகொண்டு செய்கிறேன்.