தேத்தண்ணித் துணியில் வடித்த வெள்ளை வைன்

காத்திருக்கிறவனுக்கு உலகத்தில் எல்லாரும் அதிகாரிகள்தான். பஸ் சாரதி அதிகாரி, பேக்கரியில் பாண் விற்கிற பெண் அதிகாரி, பூங்காவில் என்னைப் பார்த்துக் குரைக்கிற நாய்கூட ஏதோ ஒரு திணைக்களத்தைச் சேர்ந்ததுதான்.

டென்மார்க் எனக்கு இருக்க இடம் தந்திருந்தது, மனைவியைத் தரவில்லை. வதனி கொழும்பில், மாமா வீட்டு அறையொன்றில், கட்டிய பெட்டியோடு காத்திருந்தாள். அவளைக் கூப்பிட நான் கொடுத்த விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. (எங்களைப் போன்ற தமிழ் அகதிகளின் விண்ணப்பங்கள் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தன என்பது பின்னாளில் நாடே பேசிய கதை. அப்போது எனக்கு அது தெரியாது. பிழை என்னில்தான் என்று நம்பினேன்.) ஆகவே, நடுப் பனியில், ஒரு வாகனம்கூட இல்லாத தெருவில், சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை விறைத்து நின்றேன். யாராவது பார்த்து எழுதிவிட்டால்?

கோப்பன்ஹேகனுக்கு அருகே டோஸ்ட்ருப்பில் என்னோடு ஒரே அறையில் இருந்த சிவா அண்ணை இந்தப் பயத்துக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றினார்.

"தம்பி, உன்ர பேரிலை ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி விழுந்தாலும் கேஸ் அடியிலை போயிடும். பல்லைக் காட்டிக்கொண்டு திரி."

நான் பல்லைக் காட்டிக்கொண்டே திரிந்தேன். தூங்கும்போதும் காட்டியிருப்பேன்.

கோப்பன்ஹேகனில் யென்ஸ் என்பவர் வைன் இறக்குமதி செய்தார். அவருடைய களஞ்சியத்தில் பெட்டி தூக்குவதும் தரை துடைப்பதும் என் வேலை. ஒரு சனிக்கிழமை, பிரான்ஸிலிருந்து ஒரு குடும்பமே வான் வண்டியில் வந்திறங்கியது. தகப்பன் மார்செல், தாய் ஒடெட், மகள் கிளேர். பரம்பரையாக வெள்ளை வைன் மட்டுமே செய்கிறவர்கள். கொடியைப் பார்ப்பது தாய், வைனைப் பார்ப்பது தகப்பன், வாங்க வருகிறவர்களிடம் கதைப்பது மகள். பின்னேரம் உணவகக்காரர்கள் ருசி பார்க்க வரவிருந்தார்கள்.

"நாங்கள் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்," என்றார் யென்ஸ். "நீ போத்தல்களைத் திறந்து வை. பெரிய ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் அமைச்சில் இருக்கிறார்."

அமைச்சு. அந்தச் சொல் என் வயிற்றுக்குள் இறங்கி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு அங்கேயே குடியிருந்தது.

முதல் போத்தலைத் திறந்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இளம் வெயிலைக் கரைத்து அடைத்தது போன்ற நிறம். அடியில் ஏதோ மினுங்கியது. குலுக்கினேன். பொடிப் பொடியாக எழும்பி, மெல்ல இறங்கியது. கண்ணாடி! அடுத்த போத்தலிலும் கண்ணாடி. எல்லாவற்றிலும் கண்ணாடி.

யென்ஸின் தொலைபேசியில் சிவா அண்ணையைப் பிடித்தேன்.

"கண்ணாடியோ? ஐயோ, மினிஸ்ட்ரிக்காரன்ர தொண்டை கிழிஞ்சுதெண்டால் உன்ர மனிசி கொழும்பிலையே கிழவியாயிடுவாள்! வடிச்சு ஊத்தடா!"

"என்னத்தாலை அண்ணை வடிக்கிறது?"

"உன்ர பைக்குள்ளை தேத்தண்ணி வடிக்கிற துணி கிடக்கெல்லே? கருப்பணி வடிச்சுக் குடிக்கேல்லையே நாங்கள்? சுண்ணாம்பு போகேக்கை கண்ணாடி போகாதோ?"

பனையிலிருந்து இறக்கிய கருப்பணியை, அந்தப் பதநீரை, சுண்ணாம்பு போக வடிப்பது போல, திராட்சையிலிருந்து இறக்கியதையும் வடிக்கலாம். அந்த நேரத்தில் அது பெரும் விஞ்ஞானமாகப் பட்டது. துணியை எடுத்தேன். அது வெள்ளையாக இருந்த காலம் எனக்கே நினைவில்லை. தேயிலையும் இஞ்சியும் போட்ட தேத்தண்ணி குடித்துக் குடித்து மரப்பட்டை நிறத்தில் இருந்தது. சுடுநீரில் நன்றாக அலசினேன். (அலசினால் சாயம் இன்னும் தாராளமாக இறங்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.) வடித்து வடித்துப் போத்தல்களை நிரப்பினேன். துணியில் தங்கிய துகள்களை, நாளைக்குச் சாட்சி வேண்டுமே என்று, ஒரு சின்னத் தட்டில் சேர்த்து வைத்தேன்.

பிறகுதான் நிறத்தைக் கவனித்தேன். இளம் வெயில் போய், நல்ல பின்னேரமாகியிருந்தது.

எல்லாரும் வந்தார்கள். யென்ஸ் கண்ணால் காட்டிய அமைச்சுக்காரருக்கு முதலில், மரியாதை குறையாமல், விளிம்புவரை ஊற்றினேன். மார்செல் தன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மூக்கை உள்ளே விட்டார். மூக்கு உள்ளேயே நின்றது. பிறகு மனைவியிடம் நீட்டினார். ஒடெட் ஒரு மிடறு குடித்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்ட தாயைப் போல என்னைப் பார்த்தார்.

"இதற்கு என்ன செய்தாய்?" கிளேர் ஆங்கிலத்தில் கேட்டாள்.

துணியைக் காட்டினேன். தட்டைக் காட்டினேன். "கண்ணாடி. நான் உங்களைக் காப்பாற்றினேன்."

மார்செல் தட்டிலிருந்து ஒரு துகளை எடுத்தார். வாயில் போட்டார். கடித்தார். கறுக் என்றது.

அதன் பிறகு நடந்ததற்கு என் கைகளே பொறுப்பு. பாய்ந்து போய், தரையில் கிடந்ததைப் பொறுக்கித் தின்ற குழந்தையைப் பிடிப்பது போல, அந்தப் பெரிய மனிதரின் இரண்டு கன்னங்களையும் அமுக்கிப் பிடித்து, சுத்தத் தமிழில் கத்தினேன்:

"துப்பு! துப்பு!"

அவர் துப்பவில்லை. விழுங்கினார். கிளேர் என் கைகளை விரல் விரலாகக் கழற்றியபடி சொன்னாள்: அது கண்ணாடியில்லை. திராட்சையின் சொந்தப் புளிப்பு, குளிரில் உறைந்து அடியில் தங்குவது. அப்பா அதைப் பெருமையாக நினைக்கிறார்.

யென்ஸ் அங்கே வெள்ளை வைனைவிட வெள்ளையாக நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. அமைச்சுக்காரரிடம் போனேன். எனக்குத் தெரிந்த டேனிஷையெல்லாம் கூட்டிச் சேர்த்துக் கேட்டேன்.

"தயவுசெய்து இதை என் கேஸில் எழுதாதீர்கள். என் மனைவி வரவேணும்."

அவர் நிரம்பி வழிந்த கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். "நான் மீன்பிடி அமைச்சு," என்றார். "எனக்கு ஹெரிங் மீன் விஷயம் மட்டும்தான் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. ஒடெட் மகளிடம் ஏதோ கேட்டார். மகள் யென்ஸிடம் கேட்டு, நான் டேனிஷில் சொன்னதைச் சொன்னாள். அந்த அம்மா வான் வண்டிக்குப் போய், திறக்காத போத்தல் ஒன்றோடு வந்து என் கையில் வைத்து, மகள் வழியாகச் சொன்னார்: "அவள் வரும் நாளில் திற. வடிக்காமல்."

(திங்கட்கிழமை வேலை இருந்தது. ஆனால் யென்ஸ் கடைசிவரை என்னிடம் தக்கை திறக்கும் திருகியைத் தரவில்லை.)

அந்தப் போத்தலை சிவா அண்ணை பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எதையும் குடிக்கிற மனிதர் அதை மட்டும் தொடவில்லை. பனி வந்தது, போனது, திரும்ப வந்தது. கடைசியில் ஒரு நாள் வதனியும் வந்தாள்.

மூன்று கிளாஸ் வைத்துப் போத்தலைத் திறந்தேன். விமான நிலையத்திலிருந்து வீடுவரை நாங்கள் இருவரும் விருந்தாளிகள் போல இடைவெளி விட்டே வந்திருந்தோம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு எங்கே தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. வதனி போத்தலை வாங்கி யன்னல் பக்கம் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, இதுக்குள்ளை கண்ணாடி கிடக்கு! ஒருத்தரும் குடியாதேங்கோ. வடிக்கிற துணி எங்கை?"

சிவா அண்ணை சிரித்துச் சிரித்துச் சுவரோடு வழுகித் தரையில் இருந்துவிட்டார். நான் தக்கையில் ஒட்டியிருந்த ஒரு துகளை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். கறுக்.

"ஐயோ, துப்புங்கோ! துப்புங்கோ!" வதனி பாய்ந்து வந்து, இரண்டு கைகளாலும் என் கன்னங்களை அமுக்கிப் பிடித்தாள்.

எங்கள் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் டேனிஷில்தான் பதில் சொல்வார்கள். ஆனால் விருந்தில் யாராவது வெள்ளை வைன் கிளாஸைத் தூக்கினால் இரண்டும் ஒரே குரலில், அட்சரம் பிசகாமல், "துப்புங்கோ!" என்று கத்தும்.

வதனி வந்த அன்றைக்கு நான் துப்பவில்லை. துப்பியிருந்தால் அவள் கையை எடுத்திருப்பாளே.